லண்டன் கூரையில் ஒரு விமானம், அயர்லாந்தில் ஒரு குரங்குச் சிலை: தெரியுமா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில், பேருந்து போகும் சாலையை ஒட்டி எண்ட்க்ளிஃப் என்றொரு பூங்கா இருக்கிறது. பிள்ளைகள் வாத்துக்கு இரை போடுவார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் நடப்பார்கள், தேநீர்க்கடையில் கூட்டம் நிற்கும். அந்தக் கடைக்குப் பின்னால், ஓடைக்கரைச் சரிவில், நான்கு எஞ்சின் பூட்டிய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று பத்துப் பேரோடு வந்து விழுந்தது தெரியுமா? 1944 பிப்ரவரி 22, மாலை ஐந்து மணி சுமாருக்கு. பத்துப் பேரும் இறந்துபோனார்கள். சுற்றிலும் வரிசை வரிசையாக வீடுகள், இருந்தும் தரையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை!

விமானத்தின் பெயர் 'மி அமிகோ'. பி-17 ரகம். நார்தாம்ப்டன்ஷயரில் செல்வெஸ்டன் தளத்திலிருந்து காலையில் கிளம்பியது. டென்மார்க்கில் ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த ஆல்போர்க் விமானதளத்தைத் தாக்க வேண்டும் என்பது கட்டளை. போய்ப் பார்த்தால் இலக்கை மேகம் மூடியிருந்தது. ஜெர்மன் போர் விமானங்கள் விரட்டி விரட்டிச் சுட்டன. அடிபட்ட விமானம் எப்படியோ வடகடலைத் தாண்டி இங்கிலாந்து வரை வந்துவிட்டது. ஆனால் வந்து சேர்ந்த இடம் தன் தளத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. ஓட்டியவர் ஜான் கிரீக்ஷாசர் என்ற இளம் அதிகாரி. அவர் இறந்த பிறகு அமெரிக்க அரசு பறக்கும் வீரத்துக்கான சிலுவைப் பதக்கம் கொடுத்தது.

இதுவரை சொன்னது போரில் எங்கும் நடந்த கதைதான். இனிமேல்தான் ஆச்சரியம். விமானம் விழுந்தபோது எட்டு வயதுப் பையனாக அந்தப் புல்வெளியில் விளையாடிக்கொண்டிருந்ததாகச் சொன்ன ஒருவர், பல ஆண்டுகளாக அந்த நினைவுக்கல்லுக்கு வந்து சருகு பெருக்கி, பூ வைத்துக்கொண்டிருந்தார். விமானி தங்களைப் பார்த்துக் கையசைத்தார், விலகிப் போங்கள் என்றுதான் அசைத்தார், நாங்கள் விளையாட்டு என்று நினைத்துத் திருப்பிக் கையசைத்தோம் என்பது அவர் சொன்ன கதை. எங்கள் மேல் விழாமலிருக்கவே சரிவுக்குப் போனார்கள் என்று அவர் முழுதாக நம்பினார். அந்தக் கடைசி நொடியில் விமானி என்ன நினைத்தார் என்று யாரால் சொல்ல முடியும்? உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லையே! ஆனால் ஒரு மனிதர் முக்கால் நூற்றாண்டு அந்தக் கடனைத் தலையில் சுமந்தார் என்பது மட்டும் உண்மை.

2019 ஜனவரியில் பிபிசி தொலைக்காட்சியின் டான் வாக்கர் தற்செயலாக அந்தப் பூங்காவில் நடந்துபோகிறார். கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த 82 வயது முதியவரோடு பேச்சுக் கொடுக்கிறார். உங்களுக்கு என்ன ஆசை என்ற கேள்விக்கு, இந்தப் பத்துப் பேருக்காக வானத்தில் விமானங்கள் அணிவகுத்துப் பறக்க வேண்டும் என்று பதில் வருகிறது. ஏழே வாரம்! பிப்ரவரி 22 காலை 8.45 மணிக்கு, சரியாக 75-ஆவது ஆண்டு நினைவு நாளில், பிரிட்டனின் டைஃபூனும் அமெரிக்காவின் எஃப்-15 விமானங்களும் பழைய டகோட்டாவும் அந்தப் பூங்காவுக்கு மேலே சீறிப் பறந்தன. கீழே ஆயிரக்கணக்கான ஜனம். இரண்டு நாட்டு விமானப்படைகளைக் கிளப்பி வரவழைத்தது ஒரு விளக்குமாறு!

அந்த நினைவுக்கல் எப்போது வந்தது தெரியுமா? 1969-இல். பின்னாலே பத்துப் பேருக்குப் பத்து அமெரிக்க ஓக் மரங்கள் நட்டிருக்கிறார்கள். சரி, பிரிட்டனின் சொந்தக் குண்டுவீச்சு வீரர்களுக்கு லண்டன் மாநகரம் எப்போது நினைவகம் எழுப்பியது? 2012-இல்! போர் முடிந்து 67 ஆண்டுகள் கழித்து! இந்த இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தச் சாலையோரக் கற்கள்மீதே பைத்தியம் பிடித்தது. தலைநகரம் தயங்கித் தயங்கி நின்ற அத்தனை காலமும் வயலோரத்துக் குடியானவர்களும் ஊராட்சிக்காரர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் யாரையும் கேட்காமல் கல் நட்டுவிட்டார்கள். ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கு அவனவன் ஊரே நடுகல் நட்டதுபோல. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே கல் நட்டவர்கள் இறந்தவரின் ஊர்க்காரர்கள் அல்ல, முகம்கூடப் பார்த்திராதவர்கள்.

லண்டன் ஏன் தயங்கியது? காரணம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு வியப்பு மட்டும் பேசுவது நியாயமில்லை. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரம் தீப்புயலில் எரிந்தபோது சுமார் 40,000 பேர் மாண்டார்கள். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் சுமார் 25,000 பேர். பெண்கள், பிள்ளைகள், அகதிகள். வெற்றி பெற்ற அரசியல்வாதிகளுக்கே அந்தக் கணக்கு கூச்சமாகிவிட்டது. அதனால் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைக்கென்று தனிப் போர்ப்பதக்கம் கிடைக்கவில்லை. 2013-இல்தான், பதக்க நாடாவில் குத்திக்கொள்ள ஒரு சின்ன உலோகப் பட்டை கொடுத்தார்கள். அதற்குள் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கட்டளை போட்டவர்கள் மாளிகைகளில் இருந்தார்கள், பழி மட்டும் இருபது வயதுப் பையன்கள்மேல் இறங்கியது என்பது என் கட்சி. நீங்கள் ஒப்புக்கொள்ளாமலும் இருக்கலாம்.

அந்தப் பையன்களின் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் விமானம் ஏறியவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர். அதில் இறந்தவர்கள் 55,573 பேர்! நூற்றுக்கு 44 பேர்! அத்தனை பேரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். ஒருவர் முப்பது முறை போய்வந்தால் ஒரு சுற்று முடிந்தது, ஓய்வு. லிங்கன் நகரத்துக் குன்றில் இவர்களுக்காக நிற்கிற இரும்புக் கோபுரத்தின் உயரம் 31.09 மீட்டர். ஏன் அந்த ஒன்பது சென்டிமீட்டர்? ஒரு லங்காஸ்டர் விமானத்தின் இறக்கை, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சரியாக அவ்வளவு நீளம்! சுற்றிலும் உள்ள சுவர்களில் ஏறத்தாழ 58,000 பெயர்கள். தரைப்பணியில் இறந்தவர்களையும் சேர்த்த கணக்கு அது.

லண்டன் நினைவகத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தால் உள்பக்கம் அலுமினியம் மின்னும். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? அதுவும் ஒரு விமானம்!

1944 மே 12 இரவு. இங்கிலாந்தின் லின்டன்-ஆன்-ஊஸ் தளத்திலிருந்து கனடிய விமானப்படையின் 426-ஆவது பிரிவைச் சேர்ந்த ஒரு ஹாலிஃபாக்ஸ் எட்டுப் பேரோடு கிளம்பியது. எண் எல்டபிள்யூ 682. பெல்ஜியத்தின் லூவன் ரயில் முனையத்தைக் குறிவைத்த தாக்குதல். இரவு வேட்டைக்கு வந்த ஜெர்மன் விமானம் சுட்டது. கெரார்ட்ஸ்பெர்கன் ஊருக்கு அருகே, டெண்டர் ஆற்றங்கரைச் சதுப்பில் தலைகுப்புற விழுந்து சேற்றுக்குள் புதைந்தது. ஐந்து பேரின் உடல்களை எடுத்து ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். மற்ற மூவர்? சேற்றுக்குள்ளேயே. ஒரு வாரம், ஒரு வருடம் இல்லை. ஐம்பத்து மூன்று ஆண்டுகள்!

1997-இல் கனடாவிலிருந்து ஒரு குழு வந்து, ஊராரின் துணையோடு அந்தச் சதுப்பைத் தோண்டியது. மூவரும் தங்கள் இருக்கையிலேயே இருந்தார்கள். ராணுவ மரியாதையோடு கெரார்ட்ஸ்பெர்கனில், முன்னே போன ஐவர் பக்கத்திலேயே அடக்கம் நடந்தது. எட்டுப் பேரும் மறுபடி ஒன்றாகிவிட்டார்கள். தோண்டி எடுத்த டன் கணக்கான உலோகத்தை என்ன செய்வது?

இங்கேதான் கதை நார்வேக்குத் தாவுகிறது. அங்கே மியோசா என்ற ஏரியின் அடியில் இன்னொரு ஹாலிஃபாக்ஸ் கிடந்தது. 1945 ஏப்ரலில், ஐரோப்பாவில் போர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, நார்வே எதிர்ப்புப் படையினருக்குத் தளவாடம் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் சுடப்பட்டு ஏரியில் விழுந்த விமானம் அது. வால் துப்பாக்கி வீரர் ஒருவர் மட்டும் பிழைத்தார். இருநூறு மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து 1995-இல் அதைத் தூக்கினார்கள். கனடாவின் ட்ரென்டன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்ச் சீர்செய்யத் தொடங்கினார்கள். அதற்குத் தேவைப்பட்ட பாகங்கள் பல எங்கிருந்து வந்தன? பெல்ஜியம் சதுப்பிலிருந்து! மிச்சம் இருந்த அலுமினியத்தை உருக்கிப் பாளமாக்கி வைத்தார்கள். அதில் ஒரு பகுதி லண்டனுக்குப் போய்க் கூரையாகி, கீழே நிற்கிற ஏழு வெண்கல வீரர்களுக்கு நிழல் கொடுக்கிறது. பெல்ஜியத்துச் சேறு, நார்வே ஏரி, கனடாவின் பட்டறை, லண்டன் கூரை. ஒரு விமானம் செத்த பிறகு இவ்வளவு தூரம் பயணம் போனதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஏழு வீரர்கள் என்றேனே, அந்த ஏழு பேர் எப்படி ஒரு குழுவானார்கள் தெரியுமா? அதிகாரிகள் பட்டியல் போட்டுப் பிரிக்கவில்லை. பயிற்சி முகாமில் விமானிகள், வழிகாட்டிகள், வானொலிக்காரர்கள், குண்டு குறிபார்ப்பவர்கள், துப்பாக்கி வீரர்கள் அத்தனை பேரையும் ஒரு பெரிய கொட்டகையில் விட்டுவிட்டு, நீங்களே கூட்டு சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்! யாருக்கு யார் முகம் பிடித்ததோ அவர்களோடு. சாவதா பிழைப்பதா என்கிற விஷயத்தில் திருமணச் சந்தையைவிட மோசமான ஏற்பாடு என்று தோன்றும். ஆனால் ராணுவமே வியக்கும்படி அது வேலை செய்தது. தாங்களே தேடிக்கொண்டவர்கள் என்பதால் கடைசிவரை ஒருவரை ஒருவர் விடவில்லை. பல கல்லறைகளில் பக்கம் பக்கமாக நெருக்கி நட்ட கற்களைப் பார்க்கலாம், கூட்டுக் கல்லறை. எது யாருடைய உடல் என்று பிரிக்க முடியாமல் போனதால் அப்படி.

இன்னொன்று கேளுங்கள். அந்த விமானங்களிலேயே பேர்பெற்றது லங்காஸ்டர். 7,377 செய்தார்கள், இன்று உலகத்தில் பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு. ஆனால் சுடப்பட்ட பிறகு உயிர் தப்புவதற்கு அதைவிட மோசமான விமானம் கிடையாது! இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை, குண்டுவீச்சுப் படையின் கணக்கு ஆய்வுப் பிரிவில் வேலை. சுடப்பட்ட அமெரிக்க விமானங்களிலிருந்து பாதிப் பேர் தப்பினார்கள், ஹாலிஃபாக்ஸில் நாலில் ஒருவர், லங்காஸ்டரில் நூற்றுக்குப் பதினைந்து பேர்! அவர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? தப்பிக்கும் கதவு ஹாலிஃபாக்ஸைவிட இரண்டே அங்குலம் குறுகல். தடித்த உடையும் பாராசூட்டும் மாட்டிய ஆள் இருட்டில் அதில் சிக்கிக்கொண்டான். இரண்டு அங்குலம்! கதவை அகலப்படுத்தச் சொல்லி அலுவலகத்தில் கோப்பு நகர்ந்து நகர்ந்து, பலன் வருவதற்குள் போரே முடிந்துவிட்டது. கோப்பு நகரும் வேகம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

வால் கூண்டில் உட்கார்ந்தவர் நிலைமை இன்னும் மோசம். பாராசூட்டை வைத்துக்கொள்ளவே அங்கே இடமில்லை, முதுகுக்குப் பின்னால் விமானத்தின் உடற்பகுதியில் மாட்டியிருக்கும். 1944 மார்ச் 24 இரவு பெர்லினிலிருந்து திரும்பிய ஒரு லங்காஸ்டரில் அப்படி உட்கார்ந்திருந்தார் நிக்கோலஸ் ஆல்கமேட் என்பவர். விமானம் தீப்பிடித்தது. கதவைத் திறந்தால் பாராசூட்டும் எரிந்துகொண்டிருக்கிறது! வெந்து சாவதைவிட விழுந்து சாவது மேல் என்று குதித்துவிட்டார். 5,500 மீட்டர் உயரம். கண் விழித்தபோது பைன் மரங்களுக்கடியில் பனியில் கிடக்கிறார், மேலே நட்சத்திரம் தெரிகிறது. கால் சுளுக்கு! பிடித்துக்கொண்டுபோன ஜெர்மானியர்கள் இவன் ஒற்றன், பாராசூட்டை எங்கோ புதைத்துவிட்டான் என்று நினைத்தார்கள். அப்புறம் விழுந்த விமானத்தைச் சோதித்து உண்மை தெரிந்ததும், இவர் பாராசூட் இல்லாமல் விழுந்து பிழைத்தவர் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள்! அவருடைய விமானியும் இன்னும் மூவரும் அந்த இரவில் இறந்துபோனார்கள்.

பிழைத்தவரே தன் குழுவின் நினைவுக்கல்லைப் பார்த்த கதை வேண்டுமா? 1943 ஜனவரி 3 அன்று பிரான்சின் சேன் நசேர் துறைமுகத்துக்கு மேலே சிதைந்த ஒரு பி-17 விமானத்திலிருந்து ஆலன் மகீ என்ற அமெரிக்கத் துப்பாக்கி வீரர் விழுந்தார். இவரிடமும் பாராசூட் இல்லை, உயரமோ 6,000 மீட்டருக்கு மேல். ரயில் நிலையத்தின் கண்ணாடிக் கூரையைப் பிளந்துகொண்டு விழுந்து, கை ஏறக்குறைய அறுந்த நிலையில், ஜெர்மன் மருத்துவரின் சிகிச்சையில் பிழைத்தார். 50 ஆண்டு கழித்து அந்தப் பகுதி மக்கள் அவருடைய குழுவுக்கு ஆளுயரத்துக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அமெரிக்கக் குண்டுகளை வாங்கிக் கட்டிக்கொண்ட ஊர் அது, போரில் பெரும்பகுதி தரைமட்டமானது. அந்த மக்கள்தான் கல் நட்டார்கள் என்பதை இரண்டு முறை படியுங்கள்.

நெதர்லாந்துக்கு வாருங்கள், வாய் பிளந்துபோகும். இரண்டாம் உலகப் போரில் அந்தச் சின்ன நாட்டில் விழுந்து நொறுங்கிய விமானங்கள் சுமார் 5,500! ஜெர்மனிக்குப் போகும் வழியும் வரும் வழியும் அதுதான். பல விமானங்கள் ஐசல்மீர் என்கிற பெரிய உள்நாட்டு ஏரியில் விழுந்தன. சரி, தண்ணீரில் விழுந்தது போனதுதான் என்று விட்டுவிட வேண்டியதுதானே? டச்சுக்காரர்கள் தண்ணீரையே இறைத்துவிட்டார்களே! 1957-இல் கிழக்கு ஃப்ளேவோலாண்ட், 1968-இல் தெற்கு ஃப்ளேவோலாண்ட் என்று ஏரியின் ஒரு பெரிய பகுதியை வற்றவைத்து நிலமாக்கினார்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றில் தெரிந்தது என்ன? இறக்கைகள், எஞ்சின்கள், ஓட்டுநர் கூண்டுகள். உழவு மாடும் காணாத புத்தம்புது வயலில் முதல் அறுவடை விமானம்!

அந்தப் புது நிலத்தில் முளைத்த ஊர் டிரோன்டன். அதன் நடுவில் கோயில் வாசல் கொடிமரம் மாதிரி நிற்பது என்ன தெரியுமா? ஏரியிலிருந்து எடுத்த லங்காஸ்டரின் சுழல்விசிறி. 1960-களிலேயே, ஊருக்கு வயது ஐந்துகூட ஆகாதபோதே, வைத்துவிட்டார்கள். பழைய கதை எதுவும் இல்லாத ஊர், குடியேறியவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். தங்களுக்கு முன்னால் இந்த இடத்துக்கு வந்தவர்கள் யார் என்று பார்த்திருக்கிறார்கள், வானத்திலிருந்து வந்த இருபது வயதுப் பையன்கள்தான் தெரிந்திருக்கிறார்கள். அவர்களையே முன்னோர் ஆக்கிக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் மே 4 அன்று ஊர் கூடி நிற்கிறது. ஃப்ளேவோலாண்ட் மாநிலம் முழுக்க உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே, விமானம் விழுந்த இடங்களில் சாலையோரக் குறிகள் இருக்கின்றன. சைக்கிளில் போகிறவர் இறங்கி நின்று இங்கே விழுந்தது யார் என்று படித்துவிட்டுப் போகலாம்.

2008-இல் மார்க்கர்மீர் ஏரியில் ஒரு மீட்புப் படகு, தவித்துக்கொண்டிருந்த இன்னொரு படகுக்கு உதவப் போனது. நங்கூரத்தை இழுத்தால் கூடவே வருகிறது ஒரு விமானத்தின் துண்டு! ஆராய்ந்ததில் முதலில் ஒரு விமானத்தின் எண்ணைச் சொன்னார்கள், அப்புறம் அது இல்லை, பிகே 716 என்ற ஸ்டெர்லிங் ரக விமானம் என்று தெளிவானது. 1943 மார்ச் 29 இரவு பெர்லினுக்குப் போய்த் திரும்பும்போது ஏழு பேரோடு காணாமல் போனது. 2020-இல் ஏரியின் அடிச்சேற்றை வாளி வாளியாக அள்ளிச் சலித்து, விமானத்தையும் மனித எச்சங்களையும் எடுத்தார்கள். அருகிலுள்ள அல்மேர் நகரக் காட்டில் அந்த எழுவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. 2023-இல் இன்னொன்று. ஐசல்மீரைக் கடலிலிருந்து பிரிக்கும் 32 கிலோமீட்டர் நீள அணையின் மேலேயே நெடுஞ்சாலை போகிறதல்லவா, அதன் நடுவிலுள்ள பிரேசாண்டைக் பக்கத்தில் 1943 ஜூனில் விழுந்த லங்காஸ்டரை எடுத்தார்கள். காணாமல் போனவர்கள் இன்னும் உள்ளே இருக்கக்கூடும் என்று தோன்றுகிற விமானங்களை ஒவ்வொன்றாக எடுக்க 2019-இல் அந்த நாட்டு அரசே ஒரு திட்டம் வகுத்துப் பணம் ஒதுக்கியது. செலவு கோடிக்கணக்கில். இறந்தவர்களோ வேறு நாட்டுப் பிள்ளைகள்!

எதிரி நாட்டிலேயே கல் நட்டிருக்கிறார்கள், தெரியுமா? 1943 மே 16 இரவு ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் புறப்பட்ட 19 லங்காஸ்டர்களில் ஒன்று, ஹால்டெர்ன் கிராமத்தில் உயர் மின்கம்பியில் மாட்டி விழுந்தது. ஏழு பேரும் கருகிப்போனார்கள். ஆனால் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போய் அணையை உடைக்கும்படி ரகசியமாகச் செய்த நான்கு டன் குண்டு வெடிக்கவே இல்லை! முழுசாக ஜெர்மானியர் கையில் கிடைத்துவிட்டது. இன்று அந்த வயலோரத்தில் ஏழு பேருக்கும் நினைவுக்கல் இருக்கிறது, வைத்தவர்கள் ஜெர்மானியர்கள். அன்றிரவு போன 133 பேரில் 53 பேர் இறந்துபோனார்கள். உடைந்த மோனே அணையின் வெள்ளத்தில் போனவர்கள் ஆயிரத்துக்கு மேல். அதில் பெரும் பங்கு யார் தெரியுமா? நாஜிகள் பிடித்துவந்து முகாமில் அடைத்திருந்த வெளிநாட்டு அடிமைத் தொழிலாளிகள். அவர்களுக்கும் பள்ளத்தாக்கில் கல் உண்டு. இரண்டு கற்களையும் ஒரே பயணத்தில் பார்க்காதவர்கள் அந்த இரவைப் பற்றிப் பேசக்கூடாது என்பேன்.

ஆஸ்திரேலியாவில் வேறொரு வகை. குயின்ஸ்லாந்தின் பேக்கர்ஸ் கிரீக்கில் 1943 ஜூன் 14 விடியற்காலை, பயணிகளை ஏற்றிச் செல்ல மாற்றியமைத்த பி-17 ஒன்று பனிமூட்டத்தில் விழுந்தது. மக்காய் ஊரில் விடுமுறையைக் கழித்துவிட்டு நியூகினி போர்முனைக்குத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள். 41 பேரில் 40 பேர் போய்விட்டார்கள். அந்த நாட்டின் விமான விபத்துகளிலேயே மிகப் பெரியது அதுதான், ஆனால் செய்தித்தாளில் வரவில்லை! தணிக்கை. பிள்ளை எங்கே எப்படி இறந்தான் என்று அமெரிக்காவிலிருந்த பெற்றோர்களுக்கே சரியாகச் சொல்லவில்லை. உள்ளூர்க்காரர்கள் மட்டும் மறக்கவில்லை. 1992-இல் அங்கே நினைவுச்சின்னம் வந்தது.

நம் பக்கம் எதுவும் இல்லையா? இருக்கிறதே! திருகோணமலைச் சீனக்குடாவில் பிரிட்டிஷார் கட்டிய ராட்சத எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் வரிசையாக நிற்கும். கட்டியது 101, இப்போது 99. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கியபோது அதில் ஒன்று நேரே ஒரு தாங்கியின் மேலேயே விழுந்தது என்றும், தீ ஏழு நாள் எரிந்தது என்றும் சொல்வார்கள். வேண்டுமென்றே மோதினார்களா, அடிபட்டு விழுந்தார்களா என்பதில் சொல்பவருக்கு ஒரு கதை. அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக்கி, அங்கிருந்து ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் அந்த ஜப்பானியக் கப்பற்படையைத் தேடிப் போயின. ஐந்து திரும்பவில்லை.

மலேசியத் தமிழர்களுக்குப் பழக்கமான நெகிரி செம்பிலான் மலைக்காட்டிலும் ஒரு கதை கிடந்தது. 1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் பணிந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு எட்டு நாள் கழித்து, கோகோஸ் தீவிலிருந்து வந்த பிரிட்டிஷ் லிபரேட்டர் விமானம் ஒன்று, காட்டுக்குள் இருந்த ரகசியப் படையினருக்குப் பொருட்கள் போடப் போய் மலையில் மோதியது. எட்டுப் பேர். போர் முடிந்த பிறகு! அவர்களின் எச்சங்கள் 2012-இல்தான் கோலாலம்பூர்ச் செராஸ் சாலைப் போர்க் கல்லறைக்கு வந்து சேர்ந்தன. 67 ஆண்டு. லண்டன் நினைவகமும் அதே ஆண்டு, அதே 67.

இவ்வளவு சாவைச் சொன்னதற்கு ஈடாக, யாரும் சாகாத ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். யாரும் என்றால், மனிதர் யாரும்.

1943 ஏப்ரல் 7. மொராக்கோவிலிருந்து இங்கிலாந்துக்குப் பறந்த ஒரு பி-17 வழி தவறி, எரிபொருள் தீர்ந்து, அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் குளோனகில்டி ஊரின் சதுப்பு நிலத்தில் இறங்கிவிட்டது. உள்ளே இருந்த அமெரிக்கர்களுக்கு எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. ஜெர்மானியர் பிடித்த மண்ணாக இருக்குமோ என்று நடுங்கியிருக்கிறார்கள்! ஊர் ஜனம் திரண்டு வந்து பார்த்தால் விமானத்திலிருந்து இறங்குகிறது ஒரு குரங்கு. பெயர் டோஜோ, ஜப்பானியப் பிரதமரின் பெயரையே வைத்திருந்தார்கள். அயர்லாந்து அப்போது நடுநிலை நாடு. ஆனால் விருந்துக்கு என்ன நடுநிலை? விமானத்தில் இருந்த ரம் பாட்டில்களும் வெளியே வந்தன, ஊரே திருவிழாவானது. பாவம், குரங்குக்குத்தான் அந்தக் கொண்டாட்டமும் குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை, செத்துப்போனது. ஊர் விடுதி ஒன்றின் கொல்லையில் மரியாதையோடு புதைத்தார்கள். சில வாரத்தில் சதுப்பின்மேல் தற்காலிக ஓடுதளம் போட்டு விமானத்தையே பறக்கவிட்டு அனுப்பிவைத்தார்கள்.

ஆட்கள் அத்தனை பேரும் பத்திரமாகப் போய்விட்டார்கள், யாருக்கு நினைவுச்சின்னம் வைப்பது? 70 ஆண்டு நிறைவில், 2013-இல், குளோனகில்டிக்காரர்கள் டோஜோவுக்கே சிலை வைத்துவிட்டார்கள்!